கைவினையும் நம் மரபெழுத்தும்

பண்பாட்டு வரலாறு எழுத முற்படும் நம்மவர் நூல்களையும் கல்வெட்டுகளையும் கொடையாளர்களையும் தேடிப் பதிவு செய்கின்றனர்; தொழில் செய்த கையை மட்டும் மறந்துவிடுகின்றனர். குற்றங்காணும் நோக்கில் இதனை நாம் சுட்டவில்லை. நம் மரபே இதற்கு மாறானது என்பதனால் சுட்டுகிறோம்.

திருமறையின் ஸபஉ அத்தியாயம் (34:11) தாவூத் நபி (அலை) அவர்களைக் கவசம் செய்யுமாறு பணிக்குமிடத்தில், பின்னலை அளவறிந்து அமைக்கவும் கூறுகிறது. அங்கு வரும் ‘ஸர்த்’ என்னும் சொல் கண்ணியோடு கண்ணியைக் கோத்தலைக் குறிக்கும். பேச்சைத் தொடர்ச்சியாக எடுத்துரைப்பதற்கும் அரபியர் இச்சொல்லையே ஆள்வர்.

வக்ஃபு சட்டங்களைப் பற்றி நூல் யாத்த அல்கஸ்ஸாஃப் (மறைவு: ஹிஜ்ரி 261) செருப்புத் தைத்து உண்டவர். இலக்கண அறிஞர் அஸ்ஸஜ்ஜாஜ் (மறைவு: ஹிஜ்ரி 311) கண்ணாடித் தொழில் செய்தவர். தொழிற்பெயரே அவர்தம் புகழ்ப்பெயராயிற்று.

நம்மிடையே நிலை என்ன? நெல்லை மாவட்டத்துப் பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம். கோரையை உலர்த்தி, நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, இழையிழையாகக் கீறி, சாயமேற்றி, நூற்பாவின் ஊடே நெய்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்தினர். அவருள்ளும் பெண்களே மிகுதி. இப்பாய் பற்றிய கட்டுரைகள் அதன் மென்மையையும், மணமக்கள் பெயர் பொறித்த அழகையும், புவிசார் குறியீடு பெற்ற பெருமையையும் வியந்து முடிகின்றன. அப்பெயர்களை நெய்த பெண்ணின் பெயரை அவற்றுள் காண்பதரிது.

தேவை மிகுந்தால் தொழில் சிறக்கும், நாடுவோர் குறைந்தால் அது கைவிடப்படும் என்பது இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் நிறுவிய கருத்து. செய்து செய்தே படியும் ஆற்றலை அவர் ‘மலகா’ என்பார். ஏடு அழியினும் அதன் படி வேறோரிடத்தில் கிடைக்கலாம். மலகா அழிந்தால் அதற்குப் படி இல்லை.

இன்று நம் பள்ளிவாசல்கள் பலவற்றில் ஆலையில் செய்த செயற்கை இழை விரிப்புகளே விரிந்துள்ளன. விலையும் பராமரிப்பும் கருதியே அவை வாங்கப்படுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், வாங்காத பொருளைப் பாரம்பரியம் என்று புகழ்வது புகழாகாது, அது இரங்கற்பா. ஒரு ஸஃப்புக்கேனும் கைப்பாய் வாங்கும் ஜமாஅத்தும், நெய்பவரின் பெயரையும் தொழிற்சொற்களையும் அவர் வாய்மொழியாகவே பதிவு செய்யும் ஆய்வாளரும் இன்று நமக்குத் தேவை. இவ்விரண்டும் இல்லாமல் நாம் எழுதும் மரபு வரலாறு அரைப்பாயாகவே எஞ்சும்.