துருவும் கதையும்: பழைய வாள்களை எடைபோடும் முறை

திண்டுக்கல் சீமையில், வத்தலக்குண்டுப் பக்கமானாலும் விருப்பாட்சிப் பக்கமானாலும், பழைய வாள் ஒன்று விலைக்கு வந்தால் கூடவே ஒரு கதையும் வரும். 1755-இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக (படை ஆளுநராக) வந்த ஹைதர் அலியின் சிப்பாய் வைத்திருந்தது என்பார் ஒருவர். 1801-இல் தூக்கிலிடப்பட்ட விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஆள் ஏந்தியது என்பார் இன்னொருவர். அனுபவப்பட்ட சேகரிப்பாளர் கதைக்கு மயங்குவதில்லை. துரு, பிடி, முத்திரை, இரும்பு ஆகிய நான்கையும் பார்த்தே அசலா போலியா என்று தீர்ப்பார். முறை நல்லதுதான். ஆனால் நம் ஊர் வாள்களிடம் அது சறுக்கும் இடங்களும் உண்டு.

முதலில் அதன் பலம். இருநூறு ஆண்டு கண்ட இரும்பில் துரு ஒரே சீராக ஏறியிருக்காது. கை பட்ட இடம், உறைக்குள் இருந்த இடம், ஈரம் தங்கிய இடம் என்று இடத்துக்கு இடம் மாறும். அமிலத்தில் முக்கியெடுத்த புது வாளிலோ குழிகள் எங்கும் ஒரே அளவில் இருக்கும். இடுக்குகளில் கிரைண்டர் தடம் தெரியும். நம் நாட்டு வாள்களில் அலகின் வால்பகுதியை அரக்கு ஊற்றித்தான் பிடிக்குள் இறுக்குவார்கள். அங்கே எபாக்சிப் பசை இருந்தால், அண்மையில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். உருக்கு வாளின் நெளிவரிகளும் நல்ல சாட்சி. மேலாக வரைந்த வரி தேய்த்தால் போய்விடும். அசல் வரி இரும்புக்குள்ளேயே இருப்பதால், மெருகேற்றியதில் மறைந்தாலும் லேசான அமிலம் பட்டதும் திரும்ப வரும்.

இனி குறைகள். கோயிலிலும் சாமி வீட்டிலும் இருக்கும் வாளை ஆண்டுதோறும் தேய்த்து, எண்ணெய் பூசி, பொட்டு வைப்பது வழக்கம். அதில் பழந்துரு எப்படித் தங்கும்? துருவை மட்டுமே நம்புகிறவர் அசலைப் போலியென்று தள்ளிவிடுவார். அரக்கைச் சூடாக்கிப் பிடியைக் கழற்றி வேறு அலகு பொருத்துவதும் அந்தக் காலத்திலேயே நடந்த வேலை. எனவே பிடியும் அலகும் வெவ்வேறு வயதுடையவை என்பது மட்டும் மோசடிக்குச் சான்றாகாது. முத்திரை இன்னும் சிக்கலானது. ஐரோப்பிய அலகுகளுக்குத் தென்னாட்டில் மவுசு இருந்ததால், வாள்கொல்லர் ஆந்திரெயா ஃபெராரா, இத்தாலிய நகரம் ஜெனோவா போன்ற பெயர்களைப் பலரும் பொய்யாகப் பொறித்தார்கள். முத்திரை பொய்யாகவும் வாள் முந்நூறு ஆண்டுப் பழையதாகவும் இருக்க முடியும்.

ஆய்வுக்கூடமும் முழு விடை தராது. கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவி மாங்கனீசைக் காட்டும். அது கூடுதலாக இருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்திய ஆலை எஃகு என்று ஐயப்படலாம். ஆனால் எஃகுக்கு உயிரான கார்பனை அது காட்டாது. பழைய அரிவாள் இரும்பை உருக்கிப் புது வாள் அடித்தால் மாங்கனீசுச் சோதனையையும் ஏமாற்றலாம்.

இந்த நான்கோடு வரலாற்றையும் ஒரு சோதனையாகச் சேர்க்க வேண்டும். 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பானர்மேன் பாளையங்களில் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டார். 1855-இல் தஞ்சை அரசு கம்பெனி கைக்குப் போனது. 1863-இல் அரண்மனை ஆயுதங்களில் தேர்ந்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போக, பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. இவ்வளவு அழிந்த பிறகு, பாளையக்காரர் வாள் என்று ஒரே வியாபாரி அடுத்தடுத்து எடுத்து நீட்டினால், அந்த எண்ணிக்கையே ஐயத்துக்குப் போதும்.

வாள் பழையது என்பது வேறு, இன்னாருடையது என்பது வேறு. முன்னதை இரும்பு சொல்லும். பின்னதை ஆவணம்தான் சொல்லும். 2023 மே மாதம் லண்டனில் திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் சுமார் 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போனதற்கு, 1799-இல் அது தளபதி டேவிட் பேர்டுக்கு அளிக்கப்பட்டதிலிருந்து தெரியும் கைமாற்ற வரலாறும் ஒரு காரணம்.

ஆகவே வாங்குகிறவர் வாளுக்கு மட்டும் விலை கொடுக்கட்டும். எழுத்தில் இல்லாத கதைக்கு ஒரு பைசாவும் வேண்டாம். நூறாண்டு கடந்த பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாதவர் அதை வணிகமாக விற்க முடியாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. வீட்டில் வாள் வைத்திருப்பவர்கள் புதிதாகச் சாணை பிடிக்காமல், அது யாரிடமிருந்து எப்படி வந்தது என்பதை இன்றே எழுதி வையுங்கள்.