ஓகே சொன்ன சர்வர்

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டர். எல்லா கம்ப்யூட்டர்லயும் ஒரே ஸ்டார்கிராஃப்ட் சிடி, ஒரே கீ. அதனால பேட்டில்.நெட் பக்கமே போக முடியாது, லேன்ல மட்டும்தான் ஆட்டம். அப்படி ஆடினவன் என்பதால் 'பிநெட்டி' வழக்கில் பிளிஸ்ஸார்டின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை.

பிநெட்டி என்பது தன்னார்வலர்கள் 1998 முதல் எழுதிய இலவச சர்வர். பேட்டில்.நெட் எப்படிப் பேசுகிறது என்று கவனித்து, அதே மாதிரி பேச வைத்தார்கள். ஆனால் செல்லுபடியாகும் கீ எது என்பது பிளிஸ்ஸார்டுக்கு மட்டுமே தெரியும். பிநெட்டி யார் வந்தாலும் 'ஓகே' சொல்லிவிடும். இதுவே பூட்டு உடைப்புதான் என்று 2005 செப்டம்பரில் அமெரிக்காவின் எட்டாவது சர்க்யூட் நீதிமன்றம் உறுதி செய்தது. 'அக்ரீ' பட்டனை அமுக்கியபோதே ஆராயும் உரிமையும் போச்சாம்!

எனக்கு இடிப்பது இங்கேதான். வெளியாள் சரிபார்க்கவே வழியில்லாத ஒன்றைச் சரிபார்க்காததா குற்றம்? காசு கொடுத்து வாங்கியவனும் கள்ள சிடிக்காரனும் இந்தத் தீர்ப்பில் ஒரே தட்டில்.

நம்மூர் 65ஏ பிரிவு (2012 திருத்தம்) கொஞ்சம் நிதானமானது. பூட்டை மீறினால் மட்டும் போதாது, உரிமையை மீறும் நோக்கமும் வேண்டும். அதன்படி அன்றைய நான் மாட்டுவேன். சிடி வாங்கி, சொந்தமாக சர்வர் எழுதியவர் வாதாடலாம். ஆனால் அந்த 'அக்ரீ' பட்டன்? ஐரோப்பாவின் மென்பொருள் நெறிமுறை, இணைந்து இயங்க வைப்பதற்கான ஆய்வைத் தடுக்கும் ஒப்பந்த வரி செல்லாது என்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை.