மனநோய்: உயிரியல் விளக்கமும் அதன் எல்லையும்

மனச்சிதைவு, இருமுனையப் பிறழ்வு, கடும் மனச்சோர்வு ஆகியவை மூளையோடு தொடர்புடைய நோய்கள் என்பது இன்றைய மருத்துவத்தின் நிலைப்பாடு. பேய், செய்வினை, முற்பிறவிப் பாவம் என்ற பழிகளிலிருந்து நோயாளியை மீட்க இப்பார்வை பெரிதும் உதவியது. ஆனால் மக்களிடம் அது "மூளையில் ரசாயனக் குறைபாடு, மாத்திரை போட்டால் சரியாகிவிடும்" என்று சுருங்கியே வந்து சேர்ந்துள்ளது. இச்சுருக்கம் அறிவியலுக்கும் முழுதாகப் பொருந்தவில்லை; மணியாச்சி போன்ற கரிசல் ஊர்களின் நடைமுறைக்கும் போதவில்லை.

உயிரியல் அடிப்படை

1952இல் பாரிஸ் மருத்துவர்கள் குளோர்புரோமசின் மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டனர். அது மூளையின் டோபமின் ஏற்பிகளை அடைக்கிறது என்பது பின்னரே தெரிந்தது. அதைக் கொண்டு, டோபமின் மிகுதியே மனச்சிதைவுக்குக் காரணம் என்ற கருதுகோள் எழுந்தது. இது மருந்திலிருந்து நோய்க்குப் பின்னோக்கிச் சென்ற ஊகம். மாத்திரையால் காய்ச்சல் தணிகிறது என்பதற்காக, உடலில் அம்மாத்திரை குறைந்ததால்தான் காய்ச்சல் வந்தது என்று எவரும் சொல்வதில்லை.

மரபின் பங்கு பெரிது. ஆயினும் ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தாலும், மற்றவருக்கு வராமல் இருப்பது சாதாரணம். சர்க்கரை நோய்க்கு இருப்பதுபோல் இதை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையும் இல்லை.

இதனால் மருந்து வீண் என்றாகாது. குளோர்புரோமசின் போன்ற மருந்துகள் காதில் ஒலிக்கும் குரல்களையும் வீண் சந்தேகங்களையும் தணிக்கின்றன. லித்தியம் இருமுனையப் பிறழ்வு திரும்பத் திரும்ப வருவதைக் குறைக்கிறது.

ஏர்வாடியும் கரிசலும்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை முற்றாகத் தடைசெய்தது.

இந்நிகழ்வு பெரும்பாலும் மூடநம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் இடையிலான மோதலாகவே சொல்லப்படுகிறது. குடும்பங்கள் ஏன் அத்தகைய இடங்களுக்குச் செல்கின்றன என்ற கேள்வி அதில் விடுபடுகிறது. மணியாச்சி சந்திப்பிலிருந்து ஒரு தடம் நெல்லைக்கும் மற்றொன்று தூத்துக்குடிக்கும் போகிறது. இரு நகரங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. ஏர்வாடியைவிட இரண்டும் அருகில்தான். ஆகவே தூரம் மட்டும் தடையல்ல.

மானாவாரி நிலத்தில் மழை விழுந்ததும் விதைத்தாக வேண்டும். தீப்பெட்டி வேலையில் செய்த அளவுக்கே கூலி. நோயாளியை மாதந்தோறும் அழைத்துப் போகிறவர் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழக்கிறார். மருந்தால் கை நடுக்கமும் உடல் விறைப்பும் தூக்கமும் வரலாம். காட்டு வேலை கெடும். சற்றுத் தேறியதும் மருந்து நிற்கிறது, நோய் திரும்புகிறது, மருந்தின்மேல் இருந்த நம்பிக்கையும் போகிறது. தர்காவும் கோயிலும் நோயாளியைக் குடும்பத்தோடு தங்கவிடுகின்றன, அவசரப்படுத்துவதில்லை.

2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தமிழகக் கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரைப் பற்றிய ஆய்வு வெளியானது. நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததாக அது கூறியது. ஒப்பிடுவதற்கு வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால், கோயில் மருந்துக்கு மாற்று என்பதற்கு இது சான்றாகாது. அச்சமற்ற, பரிவான சூழலுக்கும் பங்கு உண்டு என்று கருத மட்டுமே இது இடம் தருகிறது.

மதிப்பீடு

உயிரியல் பார்வையின் குறை, நோயைக் கண்டறிந்து மருந்து எழுதியதோடு கடமை முடிந்ததாகக் கருதுவது. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டமும், பின்னர் ஏர்வாடி தர்காவிலேயே மருந்தையும் பிரார்த்தனையையும் இணைத்த முயற்சியும் சரியான திசையில் வைத்த அடிகள். எத்தனை பேருக்கு மருந்து தொடங்கப்பட்டது என்பதோடு, அடுத்த விதைப்புக் காலத்திலும் எத்தனை பேர் அதைத் தொடர்கிறார்கள் என்பதையும் கணக்கிட்டால்தான் அவற்றின் பயன் தெரியும்.