பட்டைகளில் எழும் குத்துவிளக்கு

பணித்திட்ட மென்பொருளில், வேலை தொடங்கும் நாள் முதல் முடியும் நாள் வரை கிடையாக நீளும் பட்டைகளாலான அட்டவணை, அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி காண்ட்டின் பெயரால் காண்ட் வரைபடம் எனப்படுகிறது. அப்பட்டைகளின் நாள்களைக் கூட்டியும் குறைத்தும் ஒரே நடுக்கோட்டில் அடுக்கினால், அகன்ற அடியும் மெலிந்த தண்டும் விரிந்த தட்டும் கொண்ட தீபாவளிக் குத்துவிளக்கு திரையில் எழும். கால அளவே இல்லாத கட்டத்தைக் குறிக்கும் 'மைல்கல்' என்னும் சாய்சதுரம் அதன் உச்சியில் சுடராகி நிற்பதே இக்கலையின் பேரழகு. மலேசியாவின் அசாம் ஜாவா போன்ற ஊர்களின் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்படி எண்ணி வடிவமைக்கும் கணக்கு புதிதன்று. புள்ளிக் கோலமும் புள்ளிகளை எண்ணியே பிறக்கிறது. அவ்வகைக் கோலங்களைத்தான் ஆய்வாளர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் அணி இலக்கணத்தால், அதாவது குறிகளை வரிசைகளாகவும் நிரல்களாகவும் பெருக்கும் கணினியியல் விதிகளால், விளக்கினர்.