பனியில் ஒரு சிற்றூர்

குழந்தைகளுக்கென எழுதிய நூல் என்றால் பெரியவர்கள் அதனை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவது வழக்கம். அப்படிக் கொடுத்துவிட்டு இழந்துவிடக் கூடாத நூல்கள் சில உண்டு. அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டர் எழுதிய இரண்டு நூல்கள் அத்தகையவை. ஒன்று, 1940இல் வெளிவந்த ‘நீண்ட குளிர்காலம்’. மற்றொன்று, 1941இல் வெளிவந்த ‘புல்வெளியில் ஒரு சிறு நகரம்’. இரண்டும் ஒரே ஊரைப் பற்றியவை. ஒரே குடும்பத்தைப் பற்றியவை. முதல் நூலில் பனி பகைவனாக வந்து வாயிலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அடுத்த நூலில் அதே பனி வெளியே பெய்துகொண்டிருக்க, ஊரே கூடிச் சிரிக்கிறது. ஊர் மாறவில்லை, மக்களும் மாறவில்லை. மாறியது எது?

இக்கேள்வியோடு படிப்பவருக்கு ஒன்று புலப்படும். ஆசிரியர் சொல்ல விரும்பிய செய்தி ஒன்று. அவருடைய கதை நம்மிடம் சொல்லிவிடும் செய்தி வேறொன்று.

டக்கோட்டா அப்போது ஒரு மாநிலமாகக்கூட ஆகவில்லை. தென் டக்கோட்டா மாநிலத் தகுதி பெற்றது 1889இல்தான். மரமற்ற அந்தப் பெரும் புல்வெளியில் இருப்புப்பாதையை ஒட்டி 1880இல் எழுந்த ஊர் டி ஸ்மெட். ஒரு தெரு, இரு மருங்கிலும் பலகையால் அடித்த கடைகள், ஒரு புகைவண்டி நிலையம், நூறு பேர்கூட நிரம்பாத மக்கள் தொகை; அவ்வளவே ஊர். சார்லஸ் இங்கல்ஸ் என்பவர் ஊருக்கு வெளியே குடியேற்ற நிலம் பெற்று, சிறு பலகைக் குடிலில் மனைவியோடும் நான்கு பெண்மக்களோடும் வாழ்ந்தார். 1880 அக்டோபரிலேயே, இலையுதிர்காலம் முடியுமுன், பனிப்புயல் ஒன்று தாக்கியது. அதன் பின்னர் அவர் ஊருக்குள் தாம் கட்டியிருந்த கடைக் கட்டடத்துக்குக் குடும்பத்தை மாற்றினார். இரண்டாவது மகள் லாராவுக்கு அப்போது வயது 13. அந்தச் சிறுமிதான் பின்னாளில் எழுத்தாளர் ஆனவர். நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 73. அவர் வைத்த பெயர் ‘கடுங்குளிர்காலம்’ என்பது. பிள்ளைகளை அச்சுறுத்தும் என்று கருதிப் பதிப்பகத்தார் ‘நீண்ட’ என மாற்றினர். நூலைப் படித்தவர்கள் ஆசிரியர் பக்கமே நிற்பார்கள்.

புயல் இரண்டு மூன்று நாள் வீசும், ஒரு நாள் ஓயும், மறுபடி வீசும். இருப்புப்பாதையில் பனி மலைபோல் குவிந்து புகைவண்டி நின்றுபோகிறது. அதன் பின்னர் ஒவ்வொரு பொருளாகத் தீர்கிறது. நிலக்கரி தீர்ந்ததும், உலர்ந்த புல்லைக் கயிறுபோல் முறுக்கிக் கட்டையாக்கி அடுப்பில் இடுகின்றனர். கட்டை எரிந்து முடிவதற்குள் அடுத்ததை முறுக்கியாக வேண்டும். தந்தையும் லாராவும் அந்த வேலையிலேயே பகலைக் கழிக்கின்றனர். மண்ணெண்ணெய் தீர்ந்ததும் தாய் ஒரு துண்டுத் துணியைப் பொத்தானில் கட்டி, வண்டி அச்சுக்குப் பூசும் கொழுப்பில் நிறுத்தி விளக்கேற்றுகிறாள். மாவு தீர்ந்ததும் காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு கை இயந்திரத்தில் கோதுமையை அரைக்கின்றனர். ஒரு வேளை ரொட்டிக்கு மாவு சேர நெடுநேரம் அரைக்க வேண்டும். கண் பார்வை இழந்த மூத்தவள் மேரியும் தன் முறைக்கு அந்தக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

இந்தப் பக்கங்களைப் போருக்குப் பிந்திய ஆசியாவில் படித்தவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிராது. போரில் தோற்றுப் பசியில் கிடந்த ஜப்பானில், அமெரிக்க ஆட்சி நடந்த 1949இல், வைல்டரின் நூல்களுள் முதன்முதலாக மொழிபெயர்க்கப்பட்டது இந்த ‘நீண்ட குளிர்காலம்’தான். மரவள்ளிக்கிழங்கைத் தின்று அதே போர்க்காலத்தைக் கழித்த மலாயாக் குடும்பங்களுக்கும் அந்தக் கை இயந்திரத்தின் ஓசை காதில் விழும்.

ஆயினும் இது துன்பப் பட்டியல் அன்று. வைல்டரின் திறமை முழுவதும் வீட்டின் சின்னஞ்சிறு மகிழ்ச்சிகளைக் காட்டுவதில் அடங்கியிருக்கிறது. பனி விழுந்து பூசணிக்கொடி பட்டுப்போன அன்று, பழுக்காத காயைக் கொண்டு தாய் ஒரு பணியாரம் சுடுகிறாள். ஆப்பிள் என்றே எண்ணித் தந்தை சுவைத்து உண்கிறார். அஞ்சலில் வந்த சிறுவர் இதழ்களைப் பிரித்துப் படிக்கும் ஆவலை அடக்கிக் கிறிஸ்துமஸ் நாளுக்கென்று எடுத்து வைக்கின்றனர். கூரையில் அடித்த ஆணிகளின் முனைகளில் உறைபனி பூத்திருக்கிறது. ஆசிரியர் எதனையும் வருணனைக்காக வருணிப்பதில்லை. 1879இல் மேரிக்குப் பார்வை போன பிறகு, கண்டதையெல்லாம் அக்காளுக்குச் சொல்லும் பொறுப்பு லாராவுக்கு வந்து சேர்ந்தது. பார்வையற்ற ஒருவருக்குச் சொல்லிப் பழகிய நாக்கு அணி தேடாது. எது எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். வைல்டரின் உரைநடை அங்கே பிறந்தது என்று கொண்டால் தவறில்லை.

பிடில் வாசிப்பவர் தந்தை. எந்தத் துன்பத்திலும் மாலையானால் அந்த இசை உண்டு என்பது இத்தொடர் நூல்களைப் படித்தவர்கள் அறிந்தது. ஒரு மாலை அவர் பிடிலை எடுக்கிறார். குளிரிலும் புல் முறுக்குவதிலும் தடித்துப்போன விரல்கள் வளைய மறுக்கின்றன. அவர் பிடிலைப் பெட்டியில் திரும்ப வைத்துவிடுகிறார். வேறெந்தப் பக்கத்திலும் இல்லாத அச்சம் இங்கே படிப்பவரைப் பிடிக்கிறது. மாவு தீர்ந்தபோதுகூடக் குடும்பம் தோற்கவில்லை. இப்போது தோற்றுவிடுமோ என்று தோன்றுகிறது.

இவ்வளவும் நால்வர் பெண்மக்களும் தாய் தந்தையும் ஆக ஆறு பேர் தனித்து நின்று வென்ற கதையாகச் சொல்லப்படுகிறது. இங்கேதான் திறனாய்வாளர் சற்று நிற்க வேண்டும். வைல்டர் இந்நூல்களுக்கு முன்னர், 1930இல், தம் வாழ்க்கை வரலாற்றைப் ‘புதுநிலச் சிறுமி’ என்னும் பெயரில் எழுதிவைத்தார். அவர் வாழ்நாளில் அது அச்சேறவில்லை. 2014இல்தான் விரிவான குறிப்புகளோடு வெளிவந்தது. அதிலிருந்து தெரிவது: அந்தக் குளிர்காலம் முழுவதும் அவ்வீட்டில் ஓர் இளந்தம்பதியர் உடன் தங்கியிருந்தனர், அவர்களுக்கு அங்கேயே குழந்தையும் பிறந்தது. கதையில் அவர்கள் இல்லை. கைக்குழந்தையின் அழுகுரல் இல்லை; பங்கிட்ட ரொட்டியில் அவர்களுடைய பங்கும் இல்லை.

இதனைப் பொய் என்று கடிவது எளிது; பயனற்றதும்கூட. நாவலாசிரியர் எதை விடுவது, எதைக் கொள்வது என்று முடிவு செய்யும் உரிமை உடையவர். ஆனால் ஏன் விட்டார் என்று கேட்கும் உரிமை படிப்பவருக்கும் உண்டு. இந்நூல்கள் எழுதப்பட்டவை பொருளாதார மந்தம் நிலவிய 1930களில். அரசு மக்களுக்கு உதவ வகுத்த புதுத் திட்டங்களை வைல்டரும், அவருக்குப் பதிப்பாசிரியர்போல் துணைநின்ற மகள் ரோஸ் வைல்டர் லேனும் வெறுத்தனர். தன் கையே தனக்கு உதவி என்று வாழும் குடும்பம் ஒன்றைப் படைத்துக் காட்டுவது அவர்களுக்கு வெறும் நினைவுக் குறிப்பாக மட்டும் இருக்கவில்லை. அந்தத் தன்னிறைவில் எவ்வளவு உண்மை, எவ்வளவு புனைவு என்பதைக் கரோலின் ஃபிரேசர் 2017இல் வெளியிட்ட ‘புல்வெளித் தீ’ என்னும் வரலாற்று நூல் விரிவாக ஆராய்ந்தது. அதற்கு 2018இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. கதைக்குள்ளேயே தந்தை ஓரிடத்தில், இரயிலும் நிலக்கரியும் மண்ணெண்ணெயும் நல்லவைதாம், ஆனால் மக்கள் அவற்றை நம்பியே வாழத் தொடங்கிவிடுகிறார்கள் என்ற பொருள்படக் குறைகூறுகிறார்.

ஆனால் கதை அவருக்குக் கட்டுப்படவில்லை. கோதுமை முற்றிலும் தீர்ந்த நாளில் தந்தை என்ன செய்கிறார்? ஒரு வாளியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து, வைல்டர் சகோதரர் இருவர் தங்கியிருக்கும் இடத்துக்குப் போகிறார். அவர்களுள் இளையவன் அல்மான்சோ, விதைக் கோதுமையைப் பொய்ச் சுவருக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறான். அதனைக் கண்டுகொண்ட தந்தை நேரே சுவரருகே சென்று, அடைப்பானைப் பிடுங்கி, வாளியை நிரப்பிக்கொள்கிறார். தன் கையே தனக்கு உதவி என்றவர் நீட்டிய கை அடுத்த வீட்டுச் சுவருக்குள் போகிறது! பின்னர் அதே அல்மான்சோவும் அவன் நண்பன் கேப் கார்லண்டும், தெற்கே தொலைவில் ஒருவரிடம் கோதுமை இருக்கிறது என்ற வதந்தி ஒன்றை மட்டும் நம்பிப் பனிவெளியில் இறங்குகின்றனர். விதையை விற்க விரும்பாததும் அவனுடைய துணிவுக்கு ஒரு காரணம் என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. அல்மான்சோ பின்னர் வைல்டரின் கணவர் ஆனவர் என்பதை நினைத்தால் இந்த நேர்மை பாராட்டத்தக்கது.

அவர்கள் புசலுக்கு 1.25 அமெரிக்க வெள்ளி கொடுத்து 60 புசல் கோதுமையைக் கொண்டுவந்தனர். சுமந்து வந்ததற்குக் கூலி கேட்கவில்லை. பணம் கொடுத்த கடைக்காரரோ 3 வெள்ளி கேட்கிறார். ஊர் கொதிக்கிறது. தந்தை அமைதியாக எடுத்துச் சொல்கிறார்: உன் பொருளுக்கு நீ விலை வைக்கலாம், குளிர்காலம் முடிந்த பின் உன் கடைக்கு வருவதா வேண்டாமா என்பதை நாங்கள் முடிவு செய்யலாம். கடைக்காரர் பணிந்து வாங்கிய விலைக்கே கொடுக்கிறார். வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்துப் பங்கிடுகின்றனர். நூலின் உச்சம் இதுவே. புயலில் கெட்டித்துப்போன அந்தத் தெரு முதன்முறையாக ஓர் ஊராக நடந்துகொள்கிறது.

ஊர் என்று சொல்லும்போது அதில் சேர்க்கப்படாத ஒருவரையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கடுங்குளிரைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்தவர் ஒரு முதிய செவ்விந்தியர். அவர் கடைக்குள் வந்து, ஏழு ஆண்டுக்கொரு முறை கடுங்குளிர், மூன்று ஏழு கழிந்தால் அதனினும் கடுமை, ஏழு திங்கள் பனிப்புயல் வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அவருக்குப் பெயர் இல்லை. கொச்சையான அரைகுறைப் பேச்சே அவருக்குத் தரப்பட்டிருக்கிறது. அந்த நிலத்தின் குளிரை அனைவரினும் நன்கு அறிந்த அவர், அந்த ஏழு திங்களையும் எங்கே, எதைத் தின்று கழித்தார் என்று நூல் ஒருமுறையும் கேட்கவில்லை. அமெரிக்கக் குழந்தை இலக்கியத் துறையில் 1954 முதல் வைல்டர் பெயரால் வழங்கப்பட்ட விருதுக்கு, 2018இல் நூலகர் சங்கத்தார் வேறு பெயர் சூட்டியதற்கு இத்தகைய பகுதிகளே காரணம். பெயரை எடுத்ததால் நூல் சிறுத்துவிடவில்லை. ஆனால் அந்தக் கிழவரைக் கடந்துபோகாமல் நின்று பார்க்கும் கண் படிப்பவருக்கு வந்திருக்கிறது.

இனி இரண்டாவது நூல். அடுத்து வந்த குளிர்காலத்துக்கும் அஞ்சிக் குடும்பம் ஊருக்குள் வருகிறது, ஆனால் பனி அவ்வளவு கடுமையாக இல்லை, இரயில் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிக்கூடத்தில் ஊரார் கூடுகின்றனர். கூட்டம் தொடங்கும் முன், தலைவர், செயலாளர், விதிமுறை வேண்டுமா என்ற பேச்சு எழுகிறது. அமைப்பு என்று ஒன்று வந்துவிட்டால் எதற்காகக் கூடினோம் என்பதை மறந்து அமைப்பையே கட்டிக்கொண்டு அழுவோம் என்ற கருத்து வென்றுவிடுகிறது! (நம்மூர்ச் சங்கங்களின் ஆண்டுக் கூட்டங்களுக்குச் சென்று வந்தவர்கள் இப்பகுதியை இருமுறை படிக்கக்கூடும்.) ஒரு வாரம் சொற்களுக்கு எழுத்துக்கூட்டும் போட்டி, கடைசிவரை நின்று வெல்பவர் லாராவின் தந்தை. ஒரு வாரம் மெழுகுச் சிலைகள்போல் ஆட்கள் அசையாமல் நிற்கும் காட்சி. ஒரு வாரம் நடிப்பு விடுகதை. தந்தை கோடரியின்மேல் இரண்டு உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு நடந்து வருகிறார். அது விவிலியப் பகுதி ஒன்றின் உரையாசிரியர்களைக் குறிக்கும் ஆங்கிலச் சிலேடை; தமிழில் வராது, விட்டுவிடலாம். இன்னொரு வாரம் ஆடவர் முகத்தில் கரி பூசிக் கறுப்பர்களாக வேடமிட்டுக் கூத்தாடுகின்றனர். தந்தையும் அவர்களுள் ஒருவர். இன்று அப்பக்கங்களைக் கூசாமல் படிக்க முடியாது. கூடிச் சிரிப்பதிலும் யாரை வைத்துச் சிரிக்கிறோம் என்ற கேள்வி உண்டு. ஆசிரியருக்கு அக்கேள்வி தோன்றவே இல்லை.

கலைநோக்கில் பார்த்தால் இரண்டாவது நூல் முதல் நூலுக்கு ஈடாகாது. நிகழ்ச்சிகள் தளர்வாகத் தொடுக்கப்பட்டுள்ளன. ஆயினும் ஒரு காட்சிக்காகவே அதைப் படிக்கலாம். புகைவண்டி நிலையத்தில் ஒரு பையனின் பிறந்தநாள் விருந்து. ஒவ்வொருவர் முன்னும் ஓர் ஆரஞ்சுப் பழம், தோல் மலர்போல் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. முந்திய குளிர்காலத்தில் அரைத்த கோதுமையைத் தின்று கழித்த பெண் அதனைப் பார்க்கிறாள். வெளியே அதே குளிர். பழம் வந்த வழி இரயில். அதனைப் பகிர்ந்தவர் அண்டை வீட்டார். ‘மாறியது எது’ என்ற கேள்விக்கு விடை அந்தத் தட்டில் இருக்கிறது.

அந்த விடையை முதல் நூலின் முடிவிலும் காணலாம். 1881 மே திங்களில் முதல் புகைவண்டி வந்து சேர்கிறது. கீழ்ப்பகுதி மக்கள் கிறிஸ்துமசுக்கென்று அனுப்பியிருந்த பீப்பாயும் அதில் வருகிறது. உள்ளே வான்கோழி இன்னும் உறைந்தபடியே இருக்கிறது. யாரோ ஊர்பேர் தெரியாதவர்கள் கொடுத்த கொடை அது. தாய் மே மாதத்தில் கிறிஸ்துமஸ் விருந்து சமைக்கிறாள். உடன் தங்கியிருந்த இருவரையும் குளிர்காலத்திலிருந்து நீக்கிவிட்ட ஆசிரியர், விருந்தினர் இல்லாமல் அந்த உணவைப் பரிமாறத் துணியவில்லை. போஸ்ட் என்னும் அண்டை நிலத்துக் கணவனும் மனைவியும் அழைக்கப்பட்டு வருகின்றனர். எல்லாரும் உண்கின்றனர். பிறகு தந்தை பெட்டியைத் திறந்து பிடிலை எடுக்கிறார். இம்முறை விரல்கள் வளைகின்றன.