விண்டோஸ் 10 ஆதரவு நிறைவும் வீட்டுக் கணினிகளும்: கொங்குநாட்டுப் பின்னணியில் ஒரு விமர்சனப் பார்வை

விண்டோஸ் 10 என்பது மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015 ஜூலை 29 அன்று வெளியிட்ட கணினி இயங்குதளம் ஆகும். இதற்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று நிறைவடைந்தது. அதற்குப் பிறகும் கணினி வழக்கம்போல் இயங்கும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கு மாதந்தோறும் வந்துகொண்டிருந்த திருத்தங்கள் தானாக வருவதில்லை. பழைய கணினியை விண்டோஸ் 11க்கு மாற்றுவதா, நீட்டிப்பு பெற்று விண்டோஸ் 10லேயே இருப்பதா, லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்துக்குப் போவதா என்ற கேள்வி கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் வீடுகளிலும் எழுந்துள்ளது. இக்கேள்வியில் கலந்துள்ள பாதுகாப்பு, தனியுரிமை ஆகிய இரண்டு கவலைகளையும், அவற்றை நிறுவனமும் அரசும் கையாண்ட விதத்தையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பின்னணி

விளாங்குறிச்சி டைடல் பார்க்கில் உள்ள மென்பொருள் நிறுவனத்தில் இயங்குதளத்தை மாற்ற வேண்டுமென்றால் அதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. பல்லடத்திலோ கோபிசெட்டிபாளையத்திலோ உள்ள வீட்டில் அப்படி எவரும் இல்லை. இருக்கும் ஒரே கணினியில் விசைத்தறிக் கூலிக் கணக்கும், கல்லூரிப் பிள்ளையின் ப்ராஜெக்டும், பத்தாண்டுக் குடும்பப் படங்களும், வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லும் ஒன்றாகவே இருக்கின்றன. முடிவெடுப்பவர் பெரும்பாலும் கடைக்காரரின் சொல்லையோ, திரையில் தோன்றும் அறிவிப்பையோ நம்பியே முடிவெடுக்கிறார். தவறு நேர்ந்தால் அனைத்தும் ஒரே நேரத்தில் போய்விடும். ஆகவே இது தொழில்நுட்ப ஆர்வலர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று.

விண்டோஸ் 10 வெளிவந்த காலத்தில், இதுவே விண்டோசின் கடைசிப் பதிப்பு என்று அந்நிறுவனத்தின் அலுவலர் ஒருவர் மாநாட்டில் பேசியது பரவலாகச் செய்தியானது. இனிப் புதிய பதிப்பு வாங்க வேண்டியதில்லை, சிறுசிறு மேம்பாடுகளே வரும் என்று பலர் புரிந்துகொண்டனர். ஆனால் 2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வெளிவந்தது.

தகுதி வரம்பு

விண்டோஸ் 11 இலவசமாகவே தரப்படுகிறது. சிக்கல் அதன் தகுதி வரம்பில் உள்ளது. 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் போதும் என்பது எளிய நிபந்தனை. கடினமானவை வேறு இரண்டு. ஒன்று டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புக் கூறு. கணினியைத் திறக்கும் மறைத் திறவுகோல்களை மற்ற மென்பொருள்கள் தொட முடியாதபடி தனியே வைத்துக் காப்பது இதன் வேலை. மற்றொன்று செயலிப் பட்டியல். இன்டெல் எனில் பொதுவாக 8ஆம் தலைமுறை முதலும், ஏஎம்டி எனில் ரைசன் 2000 வரிசை முதலும் உள்ளவையே ஏற்கப்படுகின்றன. 8ஆம் தலைமுறைச் செயலிகள் 2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில்தான் சந்தைக்கு வந்தன. அதற்கு முன் வாங்கிய கணினி எவ்வளவு நன்றாக ஓடினாலும் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

இவ்வரம்பைத் தாண்டிச் செல்லும் குறுக்கு வழிகள் உள்ளன. கடைகளில் சிலர் அவற்றைக் கொண்டு விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருகின்றனர். அவ்வாறு ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்ற உறுதியைத் தான் தருவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே கூறுகிறது. பாதுகாப்புக்காகச் செய்யும் மாற்றம் பாதுகாப்பற்ற நிலையிலேயே முடிவது இதிலுள்ள முரண்.

பாதுகாப்பு வாதத்தின் வலிமை

ஆதரவு முடிந்த இயங்குதளம் ஆபத்தானது என்பது வெறும் விற்பனைப் பேச்சு என்று ஒதுக்குவோர் உண்டு. 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை என்னும் பணம் பறிக்கும் தீநிரல் இதற்கு விடை அளிக்கிறது. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்றாத கணினிகள் 150 நாடுகளில் சிக்கின. பிரிட்டனில் மருத்துவமனைகள் முடங்கின. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் பாதிக்கப்பட்டன. 2014 ஏப்ரல் 8 அன்றே ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் அப்போது விதிவிலக்காகத் திருத்தம் தர வேண்டியதாயிற்று.

இங்கு மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பான்மை பழைய எக்ஸ்பி அன்று. அன்று ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகளே. திருத்தம் கையில் இருந்தும் பலர் ஏற்றவில்லை. புதிய பதிப்பு வைத்திருப்பதைவிட, வைத்திருக்கும் பதிப்பை இற்றைப்படுத்திக்கொண்டே இருப்பது முதன்மையானது என்பதே அந்நிகழ்வின் பாடம்.

வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் இருந்தால் போதும் என்பதும் பரவலான நம்பிக்கை. விண்டோஸ் 10லுள்ள டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை புதுப்பிக்கப்படும். ஆனால் அது அறிந்த தீநிரலை அடையாளம் காணுமே ஒழிய, இயங்குதளத்தின் சுவரில் உள்ள ஓட்டையை அடைக்காது.

தனியுரிமை வாதத்தின் வலிமை

மறுபக்கத்துக் கவலையும் கற்பனை அன்று. விண்டோஸ் 10 பயனரைப் பற்றி அளவுக்கு மீறிய தரவைத் திரட்டுகிறது என்று பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 ஜூலையில் மைக்ரோசாஃப்டுக்கு முறையான அறிவிப்பு அனுப்பியது. நிறுவனம் அடிப்படை நிலையில் திரட்டும் தரவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்த பிறகே 2017இல் அந்நடவடிக்கை முடித்துவைக்கப்பட்டது. கேட்க ஆள் இருந்ததால் குறைந்தது. பாதியைக் குறைத்த பின்னும் விண்டோஸ் இயங்கியது. அப்படியானால் முன்பு திரட்டிய அளவு தேவையானதாக இருந்திருக்க முடியாது.

கணினியின் இயக்க நிலை பற்றிய தரவை நிறுவனத்துக்கு அனுப்புவதை முற்றிலும் நிறுத்தும் வசதி நிறுவனங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் உரிய பதிப்புகளில் உண்டு. வீட்டுப் பதிப்பில் இல்லை. அங்கு விருப்பத் தரவை மட்டுமே நிறுத்தலாம். கட்டாயத் தரவு போய்க்கொண்டே இருக்கும். விண்டோஸ் 11 வீட்டுப் பதிப்பை முதன்முதலில் நிறுவும்போது இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கப்படுகின்றன. வீட்டிற்குள் இருக்கும் கணினியைத் திறக்கவே வெளியூர் நிறுவனத்தில் பெயர் பதிய வேண்டும் என்பது பெரியவர்கள் பலருக்கு விளங்காத நிபந்தனையாக உள்ளது.

நீட்டிப்பில் காணும் இரட்டை அளவுகோல்

விண்டோஸ் 10 வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள் அறிவிக்கப்பட்டன. பெற மூன்று வழிகள்: 30 டாலர் அல்லது அதற்கிணையான உள்ளூர்த் தொகை செலுத்துவது, மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000 கொடுப்பது, கணினி அமைப்புகளைத் தங்கள் கணக்கில் காப்புப் பிரதியாக ஒத்திசைப்பது. மூன்றுக்குமே மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும்.

ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்த பின், 2025 செப்டம்பரில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு மட்டும் விதி தளர்த்தப்பட்டது. அங்கு காப்புப் பிரதி நிபந்தனையின்றி இலவசமாகப் பெறலாம். கணக்கில் நுழைந்தால் போதும். அதே நிறுவனம், அதே திருத்தம், அதே ஓட்டை. பெர்லினில் இருப்பவருக்கு ஒரு விதியும் பெருந்துறையில் இருப்பவருக்கு வேறு விதியும் இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. பாதுகாப்பைத் தருவதற்குத் தரவை விலையாகக் கேட்பது வேலியே பயிரை மேய்வதற்கு ஒப்பானது என்ற விமர்சனம் இந்த இடத்தில்தான் பொருந்துகிறது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது; அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அவற்றின் முக்கியக் கடமைகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன. விண்டோஸ் 10 ஆதரவு முடிந்த நாளில் இந்திய வீட்டுப் பயனருக்காகக் கேள்வி கேட்கும் நிலையில் எந்த ஆணையமும் செயல்படவில்லை.

வதந்தியும் உண்மையும்

கவலை நியாயமானது என்பதால் அதன் பெயரில் பரவும் எல்லாச் செய்திகளும் உண்மையாகிவிடா. விண்டோஸ் 11க்கு மாறினால் சில நொடிகளுக்கு ஒருமுறை திரை படம்பிடிக்கப்படும் என்ற செய்தி வாட்ஸ்அப் வழியே பரவுகிறது. இது 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட ரீகால் என்னும் வசதியைப் பற்றியது. கடும் எதிர்ப்பால் அது தள்ளிவைக்கப்பட்டு, பயனர் விரும்பி இயக்கினால் மட்டுமே வேலை செய்யும்படி மாற்றப்பட்டு, 2025 ஏப்ரலில் வெளிவந்தது. கோபைலட் பிளஸ் வகைப் புதுக் கணினிகளில்தான் அது உண்டு. பழைய வீட்டுக் கணினியை மேம்படுத்துவதால் ரீகால் வந்துவிடாது.

அதிகம் பேசப்படாத ஆபத்து வேறொன்று. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. மீட்புத் திறவுகோல் அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். கடைக்காரர் தமது மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கிக் கொடுத்துவிட்டால், வீட்டுப் படங்களின் சாவி அவரிடம் இருக்கிறது என்று பொருள். கணக்கின் கடவுச்சொல் மறந்துபோனால், கணினி பழுதாகும் நாளில் அப்படங்களை எவராலும் மீட்க முடியாது.

அரசு மடிக்கணினிகளும் பாஸ் லினக்சும்

தமிழ்நாட்டில் இக்கேள்விக்கு விடை முன்பே கையில் இருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் மடிக்கணினி பெற்றனர். அவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் ஏற்றித் தரப்பட்டது. பாஸ் என்பது சென்னை சி-டாக் உருவாக்கிய, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும் கட்டற்ற இயங்குதளம். விண்டோஸ் எக்ஸ்பியின் ஆதரவு முடிந்த 2014இல் அரசு அலுவலகக் கணினிகளுக்கும் பாஸ் பரிந்துரைக்கப்பட்டது.

ஆனால் மென்பொருளைக் கொடுத்த அளவுக்குப் பயிற்சி கொடுக்கப்படவில்லை. இயங்குதளத் தேர்வில் பாஸ் என்ற பெயரைப் பார்த்துப் புரியாமல் விண்டோசையே தேர்ந்தெடுத்தவர்களும், பாஸ் இருந்த பகுதியை அழித்து இடத்தைக் கூட்டிக்கொண்டவர்களும் பலர். 2018இல் வெளிவந்த பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூல்களில் உபுண்டு, ஓபன் ஆபீஸ் ஆகியவை இடம்பெற்றன. தேர்வுக்காகப் படித்த அந்தப் பாடம் வீட்டுக் கணினி வரை வந்து சேரவில்லை.

வாளையாற்றைத் தாண்டினால் நிலைமை வேறு. கேரளப் பள்ளிகளில் ஐடி அட் ஸ்கூல் திட்டமும், அதன் தொடர்ச்சியான கைட் நிறுவனமும் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே பாடம் நடத்துகின்றன. ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி தரப்பட்டது. பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வும் அதிலேயே நடக்கிறது. பாலக்காட்டு மாணவருக்குப் பழகிய ஒன்று கோவை மாணவருக்கு அந்நியமாக இருப்பதற்கு மென்பொருளின் கடினம் காரணம் ஆகாது. கற்பித்த முறையே காரணம்.

2011 முதல் 2017ஆம் ஆண்டின் முற்பகுதி வரை வழங்கப்பட்ட மடிக்கணினிகளின் செயலிகள் விண்டோஸ் 11 பட்டியலுக்கு முந்தையவை. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அவற்றுக்கு லினக்சே நீண்ட நாள் வழி.

தமிழ்க் கோப்புகளின் நிலை

கோவையில் 2010 ஜூன் 23 அன்று உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில்தான், ஒருங்குறியையும் டேஸ் 16ஐயும் தமிழுக்குரிய தரமாக ஏற்கும் அரசாணை வெளியிடப்பட்டது. எனினும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வினாத்தாள்களும் திருமண அழைப்பிதழ்களும் கோவில் மலர்களும் வீட்டுக் கணினிகளில் குவிந்துள்ளன. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லையெனில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பு கிடையாது என்பதால் மிகப் பழைய 16 பிட் கணக்கு மென்பொருள்களும் அதில் இயங்கா. மாற்றத்துக்கு முன்பே கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வது நல்லது. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இதற்கு உள்ளன.

வீட்டுப் பயனர் செய்யத்தக்கவை

1. எதைச் செய்வதற்கு முன்பும் படங்களையும் கோப்புகளையும் தனி வன்வட்டில் நகலெடுத்து, நகல் திறக்கிறதா எனச் சோதிக்க வேண்டும்.

2. கணினி தகுதி உடையதெனில் விண்டோஸ் 11க்கு மாறுவது ஏற்கத்தக்கது. கணக்கு வீட்டாரின் மின்னஞ்சலிலேயே இருக்க வேண்டும். மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதிப் பத்திரங்களோடு வைக்கலாம்.

3. மாறிய பின் தனியுரிமை அமைப்புகளில் விளம்பர அடையாளத்தையும் விருப்பத் தரவு அனுப்புதலையும் நிறுத்தலாம்.

4. தகுதியற்ற கணினிக்கு நீட்டிப்பு தற்காலிகத் தீர்வே. அந்த இடைவெளியில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றைப் பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்துப் பழகலாம். நிறுவாமலேயே இது இயலும்.

5. மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுவதாகத் தொலைபேசியில் அழைப்பவர் மோசடிக்காரர். கணினியை அவர் கட்டுப்பாட்டில் விடக்கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

மதிப்பீடு

பாதுகாப்பு வேண்டும் என்பவரும் தனியுரிமை வேண்டும் என்பவரும் எதிரெதிர் அணிகள் என்பதுபோல் இவ்விவாதம் நடத்தப்படுகிறது. திருத்தம் அனுப்புவதற்குப் பயனரின் அமைப்புகளை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதை ஐரோப்பிய ஏற்பாடே மெய்ப்பிக்கிறது. டிபிஎம் 2.0 உண்மையான பாதுகாப்பைத் தருகிறது. அதற்காக நல்ல நிலையில் உள்ள கணினிகளைக் கைவிடச் செய்ததும், ஓராண்டுக் காலத்துக்கும் நிபந்தனை விதித்ததும் நிறுவனத்தின் கொள்கை முடிவுகள். அவற்றைத் தொழில்நுட்பக் கட்டாயமாக ஏற்க வேண்டியதில்லை.

அதே நேரத்தில், கண்காணிப்புக்கு அஞ்சித் திருத்தமற்ற விண்டோஸ் 10லேயே வங்கிப் பணி செய்வது விவேகம் ஆகாது. நிறுவனத்துக்குத் தெரியக்கூடாது என்று காத்த தரவு அதனால் திருடனிடம் போகக்கூடும். லட்சக்கணக்கான மடிக்கணினிகளோடு ஒரு மாற்று இயங்குதளத்தையும் கொடுத்த அரசு, அதைப் பழக்கப்படுத்தாமல் விட்டது பெரிய இழப்பு. பள்ளிகளின் கணினி ஆய்வகங்களில் வாரம் ஒரு மணி நேரம் லினக்சில் வேலை செய்யப் பழக்கினால், அடுத்த ஆதரவு நிறைவு வரும்போது தம் வீட்டுக் கணினிக்கு எது ஏற்றது என்று மாணவர்களே தீர்மானிப்பார்கள்.