பாண்டிச்சேரிக்குத் தெற்கேயும் கடல் இருக்கிறது

கிழக்குக் கடற்கரைச் சாலை என்றதும் சென்னைக்காரர்கள் மனத்தில் ஓடும் படம் எனக்குத் தெரியும். சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, முட்டுக்காட்டில் ஒரு செல்ஃபி, மாமல்லபுரத்தில் வறுத்த மீன், மதியத்துக்குள் பாண்டிச்சேரி. ஞாயிறு இரவு சுங்கச்சாவடி வரிசையில் நின்று வீடு. மொத்தம் 150 கிலோமீட்டர். அதற்கு மேல் சாலையே போடவில்லை என்பதுபோல் பேசுவார்கள். கடலூர் தாண்டிப் போகலாம் வாருங்கள் என்றால், "அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். கேட்டவர்களே அடுத்த மாதம் கோவாவுக்கு விமானம் ஏறி, ஓலைக் கொட்டகைக்குக் கீழே கொள்ளை விலைக்கு இளநீர் குடித்துவிட்டு வருவார்கள்.

அந்தப் பக்கம் இருப்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நடுவில் கொஞ்சம் கோபம் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடிப்படைகள். சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரை கரையை ஒட்டியே போனால் சுமார் 600 கிலோமீட்டர். ஒரே நாளில் ஓட்டிவிடலாம். ஹெல்மெட்டில் கேமரா மாட்டிக்கொண்டு அப்படி ஓட்டியவர்கள் அதைச் சாதனையாகவும் சொல்லித் திரிகிறார்கள். நீங்கள் ஆறு நாள் ஒதுக்குங்கள். காலம்: பிப்ரவரி, மார்ச். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், வெயிலும் மண்டையைப் பிளக்கும். எந்த வண்டியானாலும் சரி. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஊருக்கு ஊர் நல்ல விடுதி கிடைக்காது. வேதாரண்யம், பட்டுக்கோட்டை, ராமநாதபுரம் என்று மூன்று இடத்தில் இரவுத் தங்கலை வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள், சாலை நடுவில் மாடு படுத்திருக்கும். மிச்சத்தைக் கைபேசி சொல்லும்.

இன்னொன்று. இந்தச் சாலையில் பெரும்பாலான இடங்களில் கடல் கண்ணில் படாது. பெயரில் கடற்கரை இருக்கிறது என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போகிறவர்களுக்குச் சவுக்குத் தோப்பும் வயலும் உப்பளமும்தான் தெரியும். இடதுபக்கம் மீனவர் குப்பத்துக்கோ பட்டினத்துக்கோ பிரியும் ஒற்றைச் சாலையைக் கண்டால் திரும்பிவிடுங்கள். இரண்டு மூன்று கிலோமீட்டரில் கடல் வந்துவிடும். ஒரு நாளைக்கு நான்கு முறையாவது திரும்பாதவர் இந்தப் பயணத்தைச் செய்யவில்லை. சாலையைக் கடந்திருக்கிறார், அவ்வளவுதான்.

வடக்குப் பாதியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அதற்கு வேண்டிய அளவு ரசிகர்கள் இருக்கிறார்கள். மரக்காணம் உப்பளங்களில் காலை ஏழு மணி வெளிச்சம், கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் உடைந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டை, பிச்சாவரம், பூம்புகார். தரங்கம்பாடியில் 1620-இல் டேனியர்கள் கட்டிய கோட்டையும், 1706-இல் பாதிரியார் சீகன்பால்கு வந்திறங்கிய கரையும். நாகூர், வேளாங்கண்ணி. எல்லாம் நல்ல இடங்கள்தான், பாருங்கள். ஆனால் அங்கெல்லாம் நீங்கள் பார்ப்பது ஒரே கடல். அதைச் சொல்லாமல் 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' பட்டியல் போடுகிறவர்கள்மேல்தான் எனக்கு எரிச்சல்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் இரண்டு கடல் இருக்கிறது. அலை அடிக்கும் கடல் ஒன்று, அலை அடிக்காத கடல் ஒன்று. இரண்டும் சந்திக்கும் இடம் கோடியக்கரை. இதைப் புரிந்துகொள்ளாமல் எத்தனை கடற்கரையில் கால் நனைத்தாலும் பயணம் மேலோட்டமானதுதான்.

வரைபடத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து நேராகத் தெற்கே இறங்கும் கரை, கோடியக்கரை வந்ததும் சட்டென்று மேற்கே மடங்குகிறது. அங்கிருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் என்று 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது பாக் விரிகுடாவின் கரை. எதிரே இலங்கை நிற்கிறது. வங்கக்கடலின் பேரலை அதைத் தாண்டி வருவதில்லை. தெற்கே ராமேஸ்வரம் தீவும் ஆதம் பாலத்து மணல்திட்டுகளும் மறிக்கின்றன. உள்ளே ஆழமும் இல்லை. பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. அடியில் கடற்புல் மேய்ச்சல் நிலம்போல் பரந்து கிடக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நாகப்பட்டினத்தைச் சூறையாடியபோது, இந்த மடிப்புக்குள் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பியதற்கும் இலங்கை நடுவில் நின்றதுதான் காரணம்.

அதற்காக இதைச் சாது என்று நினைத்துவிட வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், இந்த விரிகுடாவை ஒட்டிய ஊர்களின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது.

எந்தக் கடலுக்கு முன்னால் நிற்கிறோம் என்று கண்டுபிடிக்க நான் முதலில் படகைப் பார்ப்பேன். அலையுள்ள கரையில் படகை மணல்மேல் இழுத்து ஏற்றி வைத்திருப்பார்கள். அலையை உடைத்துக்கொண்டு வெளியேறுவதுதான் அங்கே தொழிலின் முதல் கஷ்டம். அதற்காகப் பிறந்ததுதான் கட்டுமரம். தண்ணீர் ஏறினால் ஏறட்டும், மூழ்கப்போவதில்லை. துறைமுகம் இல்லாத காலத்தில் மெட்ராசுக்கு வந்த வெள்ளைக்காரர்கள், ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் நனைந்து நடுங்கிக் கரைசேர்ந்ததும் இதே அலையைத் தாண்டித்தான். கோடியக்கரையைத் தாண்டுங்கள், கட்டுமரத்துக்கு வேலை குறைந்துவிடும். வல்லமும் பாய் கட்டிய வத்தையும் ஓடிய கடல் இது. இன்று எல்லா இடத்திலும் ஃபைபர் படகு வந்துவிட்டது, ஆனால் பழக்கம் மாறவில்லை. படகு கரையேறுவதில்லை, கடலுக்குள்ளேயே நங்கூரத்தில் நிற்கிறது. காலையில் ஒருவர் சாப்பாட்டுத் தூக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில், கண்ணுக்கு எட்டும் தூரம்வரை நடந்துபோய்த் தன் படகில் ஏறுவார். மெரினாவில் யாராவது இப்படிச் செய்து காட்டட்டும்.

அடுத்து கால். அங்கே மணல், இங்கே களி. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். கணுக்கால் வரை உள்ளே போகும். கரையில் ஒதுங்கிய கடற்புல் அழுகி ஒரு வாடை வீசும். 'ஒரே நாற்றம், பீச் சரியில்லை' என்று நட்சத்திரம் குறைத்து மதிப்பெண் போடுகிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். ஐயா, அந்தப் புல்லைத் தின்றுதான் கடல் பசு உயிர் வாழ்கிறது. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். அதற்காக இந்த விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடல் பசுவுக்கென்று அமைந்த முதல் பாதுகாப்பகம் அது. நீங்கள் கடல் பசுவைப் பார்க்கப்போவதில்லை, அது அவ்வளவு எளிதில் தலைகாட்டாது. ஆனால் அதன் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு முகம் சுளியுங்கள்.

பிறகு காது. அலைக்கடலில் இரைச்சல் மற்ற எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடும். இங்கே தொலைவில் போகும் படகின் எஞ்சின் கேட்கும், மீன் துள்ளி விழுவது கேட்கும், அடுத்த தெருவில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதுகூடக் கேட்கும்.

தேவிபட்டினத்துக்குப் போய்ப் பாருங்கள். நவக்கிரகம் என்று வழிபடும் ஒன்பது கற்கள் கடலுக்குள்ளேயே நிற்கின்றன; பக்தர்கள் தண்ணீரில் இறங்கிச் சுற்றி வருகிறார்கள். பேரலை அடிக்கும் கரையில் இப்படி ஒரு வழிபாட்டை நினைத்துப் பார்க்க முடியுமா? கடலின் குணம் தெரிந்துதான் சாமியை வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். தனுஷ்கோடியில் இறங்கியதும், "இந்தப் பக்கம் பெண் கடல், அந்தப் பக்கம் ஆண் கடல்" என்று கதை சொல்ல ஆள் தயாராக இருப்பார்கள். உடனே அதை ரீல்ஸ் போடுகிறவர்களும் உண்டு. மேம்போக்கான பேச்சு இது. பாம்பன்காரர்களைக் கேளுங்கள், வடகடல், தென்கடல் என்பார்கள். எது சீறும், எது அடங்கும் என்பதைக் காற்று முடிவு செய்கிறது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும். வடகடலான பாக் விரிகுடா ஆறிய பாலில் ஆடை படர்ந்ததுபோல் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கினால் முறை மாறிவிடும். அப்போது அலையில்லாத கடலும் பல்லைக் காட்டும். பிப்ரவரி, மார்ச் என்று மாதத்தை முதலிலேயே சொன்னேனே, அது இதற்காகத்தான். வாடை தணிந்திருக்கும், கச்சான் இன்னும் பிடித்திருக்காது.

அலையில்லாத கடலை எப்படிப் பார்ப்பது? அலையுள்ள கடல் தானே வந்து உங்கள் மடியில் விழும், ஐந்து நிமிடம் போதும். இது வராது. நீங்கள்தான் உட்கார வேண்டும். முத்துப்பேட்டையில் ஜாம்புவானோடையிலிருந்து படகு பிடித்து அலையாத்திக் காட்டுக்குள் போங்கள். கால்வாய் முடிந்து காயல் திறக்கும் இடத்தில் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். இன்னும் தெற்கே காரங்காட்டில் ஊர்க்காரர்களே வனத்துறையோடு சேர்ந்து படகு விடுகிறார்கள். மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மனோரா இருக்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வீழ்த்தியதைக் கொண்டாடத் தஞ்சை சரபோஜி மன்னர் எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம். கல்வெட்டில் 1814 என்று இருக்கிறது. ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு, தமிழ்நாட்டில் அலைகூட அடிக்காத ஒரு கரையில் வெற்றித் தூண்! இந்த வேடிக்கைக்காகவாவது போகலாம்.

ஒரு காலையை ஜெகதாப்பட்டினத்துக்கோ கோட்டைப்பட்டினத்துக்கோ கொடுங்கள். விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். அன்று யாருடைய நாள் என்று டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். நண்டு வலை வந்து இறங்கியதும் கொட்டகை நிழலில் குடும்பமே உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு நண்டும் வலைக்கண்ணில் ஏழெட்டுச் சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் ஓட்டை அழுத்திப் பிடித்து, இழையை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, கடைசியில் கொடுக்கை மடக்கி உருவுகிறார்கள். அவசரப்பட்டு இழுத்தால் கால் ஒடியும். கால் ஒடிந்தால் விலையும் போச்சு. ஆண் நண்டு நீலம், பெண் நண்டு பழுப்பு. கை பார்க்காமலே இரண்டையும் வேறு வேறு கூடையில் போடும். பாக் விரிகுடா என்ன கொடுக்கிறது, அதற்கு எவ்வளவு பொறுமை கேட்கிறது என்பதெல்லாம் அந்த விரல்களில் தெரியும்.

ஒன்று மட்டும் கவனம். இந்தக் கடல் குறுகலானது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவே எல்லைக்கோடு ஓடுகிறது. இந்த ஊர்களில் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனவர்களின் வீடுகள் உண்டு. கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள்.

சாப்பாடு? பெயர்ப்பலகை வைத்த ஓட்டல்களைத் தேடாதீர்கள். அதிராம்பட்டினம், தொண்டி போன்ற பட்டினங்களில் பகல் ஒரு மணிக்கு எந்தக் கடை வாசலில் லோடு ஆட்டோக்கள் நிற்கின்றனவோ, அங்கே உட்காருங்கள். நண்டு இருந்தால் நண்டு, இல்லையென்றால் அன்று வந்த மீன். 'இன்று என்ன வந்தது?' என்று கேட்டால் கடைக்காரருக்கு உங்கள்மேல் ஒரு மரியாதை வரும். மெனு கார்டு கேட்டால் வராது.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். ஆறு நாள் லீவு கிடைக்கவில்லையா? வடக்குப் பாதியை வெட்டிவிடுங்கள். மாமல்லபுரத்துக் கோயில் பல்லவர் காலத்திலிருந்து நிற்கிறது, அடுத்த வருடமும் நிற்கும். ரயிலிலோ பஸ்ஸிலோ நாகப்பட்டினம் போய், அங்கே ஒரு வண்டி பிடித்து, கோடியக்கரையில் வெளிமானையும் பூநாரையையும் பார்த்துவிட்டு, அங்கிருந்து மண்டபம் வரை மூன்று நாளில் ஊர்ந்து போங்கள். நாகப்பட்டினத்தில் முதல் நாள் மாலை அலையில் நின்றுவிட்டு, மறுநாள் மாலை அதிராம்பட்டினத்துக் களியில் நில்லுங்கள். அதற்குப் பிறகு இரண்டு கடலையும் பிரித்துச் சொல்ல என் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாது.

இவ்வளவு கூவி அழைத்துவிட்டு இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரிசார்ட் கட்ட இடம் தேடுகிறவர்கள் தயவுசெய்து வராதீர்கள். வந்தால் முதல் வேலையாகச் சேற்றையும் புல்லையும் வழித்தெடுத்துவிட்டு, லாரியில் வெள்ளை மணலைக் கொட்டி, 'பிரைவேட் பீச்' என்று பலகை வைப்பீர்கள். பிறகு நண்டு எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். மற்ற எல்லோரும் பிப்ரவரிக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுங்கள். சேறு பட்டால் போகட்டும் என்று பழைய செருப்பு ஒன்றையும் வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.